வலி வேறு, அழற்சி வேறு

(நம் சங்கத்தின் ஞாயிறு காலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் வருமான வரி பற்றிப் பேசினோம். இந்த முறை உடம்பைப் பற்றிப் பேசலாம் என்று செயலாளர் சொன்னார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 38 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவள். ஆனால் முடக்குவாதம் என்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸோடு 22 வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஊர்ப்பக்கம் பெரியவர்கள் இதைச் சரவாங்கி என்பார்கள். இத்தனை வருடத்தில் டாக்டர்களிடம் கேட்டதையும் படித்ததையும் பட்டதையும் வைத்துப் பேசுகிறேன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

முதலில் அழற்சி என்றால் என்ன என்று பார்ப்போம். லேப் ரிப்போர்ட்டில் 'இன்ஃப்ளமேஷன்' என்று வருகிறதே, அதுதான்.

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. சுமார் 2000 வருடங்களுக்கு முன் ரோம் நாட்டில் செல்சஸ் என்பவர் இந்த நான்கு அடையாளங்களையும் எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: அந்த உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமல் போவது.

இது ஏன் நடக்கிறது? வெட்டுப்பட்ட இடத்துக்கு உதவி தேவை. அங்கே இருக்கும் சிறிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் ரத்தம் கூடுதலாக வருகிறது, சிவப்பும் சூடும் அதனால்தான். குழாய்ச் சுவர் கொஞ்சம் இளகிக்கொடுக்க, நீர் வெளியே கசிகிறது. அது வீக்கம். அந்த வழியாகவே வெள்ளை அணுக்கள் வெளியே வந்து கிருமிகளைப் பிடிக்கின்றன, சேதமான செல்களை அகற்றுகின்றன. அந்த இடத்தில் உண்டாகும் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் நரம்பு முனைகளைக் கூச வைக்கிறது. அது வலி. வேலை முடிந்ததும் எல்லாம் படிப்படியாக அடங்கிவிடுகிறது. ஆக, அழற்சி என்பது நோய் அல்ல, உடம்பு தன்னைப் பழுது பார்க்கும் வேலை. அது இல்லாவிட்டால் ஒரு சின்னக் காயம்கூட நமக்கு ஆறாது.

பழுது பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகாவிட்டால்தான் சிக்கல். வெட்டும் இல்லை, கிருமியும் இல்லை, ஆனாலும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டின் உள்சவ்வையே எதிரியாக நினைத்துவிடுகிறது. மெல்லிய அந்தச் சவ்வு தடித்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பின் மேல் படர்ந்து, பிறகு எலும்பையும் அரிக்கிறது. ஒருமுறை அரித்த எலும்பு பழையபடி ஆவதில்லை. பரம்பரைக் கூறு ஒரு காரணம். புகைபிடிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

இது மூட்டோடு நிற்பதும் இல்லை. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களுக்குச் சோர்வு வருகிறது, ரத்த சோகை வருகிறது, சிலருக்குக் கண்ணும் நுரையீரலும் பாதிக்கப்படுகின்றன. மற்றவர்களைவிட மாரடைப்பு ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு என்று வைத்துத்தான் டாக்டர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே இது 'கை கால் வலி' மட்டும் இல்லை.

நம் குடியிருப்பில் முழங்கால் வலி இல்லாத வீடு குறைவு. எல்லாமே முடக்குவாதம் என்று பயப்பட வேண்டாம். வயதானபின் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம். அதில் காலையில் எழுந்ததும் ஒரு பிடிப்பு இருக்கும், அரை மணிக்குள் விட்டுவிடும். நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் நேர்மாறு. காலைப் பிடிப்பு ஒரு மணி நேரம், அதற்கு மேலும் நீடிக்கும். அசைய அசையக் கொஞ்சம் சரியாகும். பெரும்பாலும் விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி என்று சின்ன மூட்டுகளில் ஆரம்பிக்கும். இரண்டு கைகளிலும் வரும். தொட்டால் பஞ்சு மாதிரி மெத்தென்று வீங்கியிருக்கும்.

எனக்கு 2003 கடைசியில் தொடங்கியது. கேஷ் கவுண்டரில் உட்காரும்போது காலையில் நோட்டுக்கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்ற வரவில்லை. பதினோரு மணிக்கு மேல் விரல்கள் இளகிவிடும், பிறகு வழக்கம்போல் எண்ணுவேன். எங்கள் குடும்ப டாக்டர் இரண்டு கைகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்பினார். மூன்று மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்தது. 2021-இல் ஓய்வு பெறும் வரை நான் வேலை பார்த்ததற்கு அந்த மூன்று மாதம்தான் காரணம் என்பேன். முதல் சில மாதங்களிலேயே எலும்பு அரிப்பு ஆரம்பித்துவிடலாம் என்பதால், மூட்டு வீக்கம் தொடங்கிய ஆறு வாரத்துக்குள் நிபுணரைப் பார்ப்பது நல்லது என்று சர்வதேச வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் கிளப் ஹவுஸில் மருத்துவ முகாம் நடக்கும்போது பேக்கேஜில் ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபாக்டர் எல்லாம் எடுக்கிறார்கள். ஈஎஸ்ஆர் என்பது ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் குழாயில் எத்தனை மில்லிமீட்டர் படிகின்றன என்ற கணக்கு. வயதாலும் ரத்த சோகையாலும்கூட அது கூடும். சிஆர்பி கல்லீரல் சுரக்கும் புரதம். சாதாரணக் காய்ச்சலிலும் சில மணி நேரத்தில் ஏறிவிடும். ஆர்ஏ ஃபாக்டர் நோயே இல்லாத பெரியவர்களுக்கும் வரலாம், நோய் உள்ளவர்களுக்கு வராமலும் போகலாம். ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருப்பதால் நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். எண் சரியாக இருப்பதால் வீங்கிய விரலை விட்டுவிடவும் வேண்டாம். கையைப் பிடித்துப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வலி வேறு, அழற்சி வேறு.

உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்தால் மொபைலில் எஸ்எம்எஸ் வருகிறது. ஒரு நாள் எஸ்எம்எஸ் வரவில்லை. அதனால் பணம் போகவில்லை என்று அர்த்தமா? பாஸ்புக்கைப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்? வலி என்பது அந்த எஸ்எம்எஸ். அதை நிறுத்திவைத்தாலும் உள்ளே பணம் போய்க்கொண்டே இருக்கலாம்.

நாம் சாப்பிடும் மருந்துகளை இந்தக் கண்ணோட்டத்தில் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, வலி மாத்திரைகள். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்தார். நான் முன்பு சொன்ன ப்ரோஸ்டாகிளாண்டின் உருவாவதை அவை தடுக்கின்றன. 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாத்திரைகளால் வலியும் வீக்கமும் குறையும். ஆனால் முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு நிற்காது. வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு என்று பக்க விளைவும் உண்டு. பிரஷர், சுகர், இதய நோய் உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

இரண்டாம் வகை, ஸ்டீராய்டு. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு முடக்குவாத நோயாளிக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கு மற்றவர்களோடு சேர்த்து நோபல் பரிசு. ஆனால் நீண்ட நாள் அதிக அளவில் கொடுத்தபோது முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு பலவீனமானது. இன்றும் அது தேவையான மருந்துதான். குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, டாக்டர் கண்காணிப்பில். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாம் வகைதான் நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள். மெதுவாக வேலை செய்யும், பலன் தெரிய ஆறு வாரம், பன்னிரண்டு வாரம்கூட ஆகும். அவற்றில் முதன்மையானது மெத்தோட்ரெக்ஸேட். இதற்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. எல்லப்பிரகடா சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, 1923-இல் அமெரிக்கா போனவர். லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு 1940-களில் உருவாக்கிய மருந்துகளில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்ஸேட். முதலில் புற்றுநோய்க்குத்தான் பயன்பட்டது. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்று பின்னால் தெரிந்து, 1988-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. சுப்பாராவ் 1948-இலேயே காலமாகிவிட்டார். தன் மருந்து கோடிக்கணக்கான கைகளை நிமிர்த்தி வைக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம்மில் பலர் அப்பா அம்மாவுக்கு மாத்திரை டப்பா நிரப்பிக் கொடுக்கிறோம். முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் கொடுத்துவிட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று ஸ்ட்ரிப்பின் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு. டாக்டர் சொல்லும் மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட். இதைச் சாப்பிடும்போது மது ஆகாது. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டருக்கு ஒரு போன்.

இந்த மூன்றாம் வகையில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். மருந்து நன்றாக வேலை செய்தால் வலி போய்விடுகிறது. வலி போனதும், 'இனி எதற்கு மாத்திரை?' என்று தோன்றுகிறது.

என்னோடு வேலை பார்த்த ஒரு தோழிக்கும் இதே நோய். ஒன்றரை வருடத்தில் வலி முழுக்க நின்றது. "இவ்வளவு மாத்திரை உடம்புக்கு ஆகாது" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். யாரோ ஒருவர் பேரில்லாத, லேபிள் இல்லாத பொடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வாரமே சொர்க்கம் மாதிரி இருந்தது என்றாள். மாத்திரையை நிறுத்தினாள். ஆறு மாதத்தில் முகம் உருண்டையானது, இல்லாத சர்க்கரை வந்தது. அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். திரும்பச் சிகிச்சைக்கு வருவதற்குள் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் அவளுக்குப் பெரிய வலி இல்லை என்பதுதான் கொடுமை. விரல்கள் மட்டும் வளைந்துவிட்டன. இப்போது மருந்து சாப்பிடுகிறாள், நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் புடவைக் கொசுவம் வைக்கவும் பேனா பிடிக்கவும் இன்னொருவர் வேண்டும்.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. படித்துப் பதிவு பெற்ற மருத்துவர் வேறு, வாட்ஸ்அப்பில் வரும் பொடி வேறு. எதைச் சாப்பிட்டாலும் உங்கள் இரண்டு டாக்டர்களுக்கும் தெரிய வேண்டும். மஞ்சள் பற்றிக் கேட்பார்கள். சாம்பாரில், ரசத்தில் தாராளமாகப் போடுங்கள். மாத்திரைக்குப் பதில் மஞ்சள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எடை கூடாமல் சாப்பிடுவது, புகையை விடுவது, பல் டாக்டரைப் பார்ப்பது, தினமும் நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது: இவை நிச்சயம் உதவும். அவையும் மாத்திரையோடு சேர்த்துத்தான்.

இனி அன்றாட வாழ்க்கை. இந்த நோயில் நல்ல நாளும் உண்டு, நோய் சீறும் நாளும் உண்டு. நல்ல நாள் வந்ததும் பரண் துடைத்து, போர்வை துவைத்து, எல்லா வேலையையும் முடித்துவிடத் தோன்றும். அடுத்த மூன்று நாள் படுக்க வேண்டியிருக்கும். வேலையைப் பிரித்துச் செய்ய வேண்டும். சீறும் நாளில் மூட்டுக்கு ஓய்வு, மற்ற நாளில் உடற்பயிற்சி. முடக்குவாதம் என்றால் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று இல்லை. அசையாத மூட்டு இறுகிப்போகும், தசை மெலியும். பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த விரல் பயிற்சியைக் காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு செய்கிறேன்.

வீட்டில் சின்ன மாற்றங்கள் பெரிய உதவி. உருட்டுக் கைப்பிடிக்குப் பதில் நீளக் கைப்பிடி வைத்த கதவு. திருகும் குழாய்க்குப் பதில் தட்டித் திறக்கும் குழாய். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டிக்கொள்வது. குக்கரை நிரப்பித் தூக்காமல், அடுப்பில் வைத்தபின் தண்ணீர் ஊற்றுவது. தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும். சிலருக்குப் பயாலஜிக் ஊசி தேவைப்படும். அதில் சிலவகை உள்ளே தூங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால் முதலில் டிபி பரிசோதனை செய்வார்கள். அலுத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் விழித்திரைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வங்கிக்காரி பணத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இருக்கும் நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் பின்னால் கிளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகும். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தை அதிகபட்சம் 4 வருடத்திலிருந்து 3 வருடமாகக் குறைத்திருக்கிறது. ஆனால் இந்த நோயில் செலவு பெரும்பாலும் மாத்திரை, டெஸ்ட், டாக்டர் ஃபீஸ். பல பாலிசிகளில் இவை வராது. அதற்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியாகப் போட்டு வையுங்கள். மக்கள் மருந்தகத்தில் விலை குறைவு, டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு, முடக்குவாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. செலவுக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்த வேண்டியதில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். அதுதான் உங்கள் பாஸ்புக்.

கடைசியாக, இங்கே இருக்கும் நம் எல்லோரிடமும் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" என்று யாரையும் கேட்காதீர்கள். காலை ஏழு மணிக்கு டம்ளர் பிடிக்க முடியாதவர் மாலை ஐந்து மணிக்கு உங்களோடு பார்க்கில் நடக்கலாம். இரண்டுமே உண்மை. இது முடக்குவாதத்துக்கு மட்டும் இல்லை. லூபஸ், குடல் அழற்சி, சோரியாசிஸ் மூட்டுவலி என்று வெளியே தெரியாத நோயோடு இருப்பவர்கள், அதில் சின்ன வயதுக்காரர்களும், நம் மூன்று பிளாக்கிலும் இருக்கலாம்.

இரண்டு, லிஃப்ட் பராமரிப்புக்கு நிறுத்தும்போது முதல் நாள் மாலையே குரூப்பில் போடுங்கள். இரண்டு லிஃப்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டாம். தண்ணீர் கேனை வாசலில் வைக்காமல் உள்ளே ஸ்டாண்டில் ஏற்றி வைக்கச் சொல்லிப் பையனிடம் சொல்லலாம். விழாக்களில் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு முன்வரிசையிலேயே பத்து நாற்காலி போடலாம். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

மூன்று, யாராவது "மாத்திரையை நிறுத்தப்போகிறேன், இப்போது வலியே இல்லை" என்று சொன்னால், "டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு டாக்டர்களே சிலசமயம் மருந்தைக் குறைப்பார்கள். பரிசோதித்துப் பார்த்து, மெதுவாக. அது வேறு. நாமாக நிறுத்துவது வேறு.

வீட்டில் யாருக்காவது இரண்டு கை விரல்களும் வீங்கி, காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, சில வாரமாகியும் விடவில்லை என்றால், அடுத்த பண்டிகை முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் கையைக் காட்டுங்கள்.